எங்கள் ‘ஓம்’, அவர்களின் ‘யெஸ்’

வணக்கம் ஐயா,

நான் யாழ்ப்பாணத்தில் ஒரு மென்பொருள் கம்பனியில் வேலை செய்கிறேன். எங்களிடம் வேலை வாங்குகிறவர்கள் லண்டனில் இருக்கிறார்கள். நான் தமிழ் மூலம் படித்தவள். ஓ.எல். பரீட்சையில் ஆங்கிலத்துக்கு ஏ. ஆனாலும் திங்கட்கிழமை மீற்றிங்கில் வாயே திறக்கமாட்டேன். போன மாதம் ஒரு றிப்போட்டை வெள்ளிக்கிழமை கேட்டார்கள். முடியாது என்று தெரிந்தும் ‘ஐ வில் ட்ரை’ என்று எழுதிவிட்டேன். வெள்ளி பின்னேரம் ‘எங்கே?’ என்று மெயில் வந்தது. என்ன எழுதுவதென்று தெரியாமல் இன்னும் பதில் போடவில்லை. முயற்சி செய்கிறேன் என்றுதானே சொன்னேன்? எங்கள் பூட்டன் மலாயா றெயில்வேயில் கிளாக்காக இருந்து வெள்ளைக்காரனுக்கே கடிதம் எழுதியவராம், உனக்கு என்ன குறை என்கிறார் அப்பா. டவுனில் ஸ்போக்கன் இங்கிலிஸ் வகுப்புக்குப் போகட்டா? இல்லை, பிசினஸ் இங்கிலிஸ் என்று தனியாக ஏதும் படிக்கவேண்டுமா?

ஒரு வாசகி,
கோண்டாவில்

அன்புள்ள பிள்ளைக்கு,

வகுப்பைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்த ‘ஐ வில் ட்ரை’. அதில் இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. நீங்கள் எழுதியது ஆங்கிலம், நினைத்தது எங்கள் ‘பாப்பம்’. கலியாண வீட்டுக்கு வருவீங்களோ என்று கேட்டால் ‘பாப்பம்’ என்கிறோம். கேட்டவருக்கு அப்போதே விளங்கிவிடும், இவர் வரமாட்டார் என்று. ஒருவருக்கும் மனம் நோகாது. அதையே ஆங்கிலமாக்கி லண்டனுக்கு அனுப்பினால், அங்கே இருப்பவருக்கு எங்கள் கலியாண வீட்டைப் பற்றி என்ன தெரியும்? எப்படியும் தந்துவிடுவாள் என்று நம்பிக்கொண்டு அவர் தன்னுடைய மேலதிகாரிக்கும் சொல்லியிருப்பார்.

நானும் இப்படி வாங்கிக் கட்டியவன்தான். 2003இல், சமாதான காலத்தில், வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் ஒன்றின் யாழ்ப்பாணக் கந்தோரில் வேலை. பன்னிரண்டு குடும்பங்களுக்குக் கிணறு கட்டிக் கொடுக்கும் திட்டம். பெயர்ப் பட்டியலை ஊர் வாசிகசாலைச் சுவரில் ஒட்டியாயிற்று. ஒருநாள் தலைமையகத்திலிருந்து ஒரு அம்மா போன் எடுத்து, திருத்திய வரவுசெலவை வரிவரியாக வாசித்தார். ஒவ்வொரு வரிக்கும் நான் ‘யெஸ், யெஸ்’ என்றேன். நாங்கள் போனில் ‘ஓம், ஓம்’ என்போமே, கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்ற அர்த்தத்தில், அந்த ஓம். அடுத்த நாள் மெயில் வந்தது: ‘நேற்று நீங்கள் ஒப்புக்கொண்டபடி கிணறுகள் ஒன்பது.’ மூன்று வீட்டுக்குச் சைக்கிளில் போய், பட்டியலில் உங்கள் பெயர் இனி இல்லை என்று சொல்லவேண்டிய ஆள் நான்தான். ஒரு வீட்டில் தேத்தண்ணி தந்தபிறகுதான் என்ன விசயம் என்று கேட்டார்கள். அதைக் குடித்து முடிக்க நான் பட்ட பாடு!

அதற்குப் பிறகு போனில் ‘யெஸ்’ என்ற சொல்லைப் பூட்டி வைத்துவிட்டேன். கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று காட்ட ‘ஐ ஸீ’, ‘கோ ஒன்’. கடைசியில் ‘லெட் மீ செக் ஐ ஹாவ் அண்டஸ்டுட்’ என்று தொடங்கி, கேட்டதைத் திருப்பிச் சொல்வேன். ஒப்புதல் இருந்தால் அதன் பிறகுதான்.

உங்கள் பூட்டனாரைப் பற்றி அப்பா பெருமைப்படுவது நியாயம். 1823இல் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிமார் செமினரி என்று ஆங்கிலத்தில் உயர்படிப்புச் சொல்லிக்கொடுக்கும் கல்லூரி ஒன்றைத் தொடங்கினார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவரான சி. வை. தாமோதரம்பிள்ளை அங்கே படித்தவர். 1841இல் வந்த உதயதாரகை தமிழும் ஆங்கிலமுமாக இரண்டு மொழியில் வந்த பத்திரிகை. அந்தப் படிப்பின் பலத்தில்தான் எங்கள் ஆட்கள் மலாயாவுக்கு உத்தியோகம் பார்க்கப் போனார்கள். ஆனால் அந்த உத்தியோக ஆங்கிலம் அனேகமாக மேலே இருப்பவருக்குக் கீழே இருப்பவர் எழுதும் மனு. ‘யுவர் மோஸ்ட் ஒபீடியன்ற் சேர்வன்ற்’ என்று முடியும். அதன் மிச்சம் இன்றைக்கும் ‘கைன்ட்லி டூ த நீட்ஃபுல்’ என்று எங்கள் கடிதங்களில் கிடக்கிறது. லண்டன் பொடியனுக்கு அது பழைய படத்து வசனம் மாதிரி இருக்கும். (இந்த வயதிலும் எனக்கு அதை விட மனம் வருவதில்லை என்பது வேறு கதை.) மனுவில் முதலில் காரணம், பிறகு கஷ்டம், கடைசி வரியில் கேட்க வந்தது. வேலை மெயிலில் கேட்க வந்தது முதல் வரியிலேயே வந்துவிடவேண்டும்.

உங்கள் மெயிலை நான் இப்படி எழுதியிருப்பேன்: ‘ஐ ஆம் அஃப்ரெய்ட் வீ கான்ற் ஃபினிஷ் த றிப்போட் பை ஃப்றைடே. யூ வில் ஹாவ் இற் பை நூன் ஒன் டியூஸ்டே, லண்டன் டைம்.’ இரண்டே வரி. அந்த ‘அஃப்ரெய்ட்’ பயம் இல்லை, எங்கள் ‘குறை நினைக்காதேங்கோ’ இருக்கிறதே, அதுதான். லண்டன் டைம் என்று போட்டதற்கும் காரணம் உண்டு. அவர்களுடைய குளிர்காலத்தில் எங்களுக்கும் அவர்களுக்கும் ஐந்தரை மணி வித்தியாசம், கோடையில் நாலரை. மத்தியானம் என்று மட்டும் எழுதினால் யாருடைய மத்தியானம்?

‘பை’யும் ‘அன்டில்’லும் அடிக்கடி மாறுகிற இரண்டு. ‘பை ஃப்றைடே’ என்றால் வெள்ளிக்குள். ‘அன்டில் ஃப்றைடே’ என்றால் வெள்ளிவரை. தமிழில் நினைத்துப் பார்த்தால் குழப்பமே இல்லை. வெள்ளிக்குள் தருகிறேன் என்பதும், வெள்ளிவரை தந்துகொண்டே இருப்பேன் என்பதும் ஒன்றா? அதேபோல மீற்றிங்கில் கேள்வி கேட்க ‘ஐ ஹாவ் எ டவுட்’ என்று தொடங்காதீர்கள். பள்ளிக்கூடத்தில் ‘சேர், ஒரு சந்தேகம்’ என்று கேட்ட பழக்கம் அது. ஆங்கிலேயருக்கு, நீங்கள் சொல்வதை நான் நம்பவில்லை என்று கேட்கலாம். ‘குவெஸ்டியன்’ போதும்.

மரியாதைதான் கொஞ்சம் வில்லங்கமான விசயம். எங்களிடம் நீ, நீர், நீங்கள் என்று மூன்று படி. ஆங்கிலத்தில் ஒரே ‘யூ’. அந்த வெறுமையை நிரப்பத்தான் நாங்கள் வரிக்கு வரி ‘சேர்’ போடுகிறோம். அவர்கள் மரியாதையை வைத்திருக்கும் இடம் வேறு. ‘சென்ட் மீ த ஃபைல்’ என்றால் ‘அனுப்பு’. ‘குட் யூ சென்ட் மீ த ஃபைல்’ என்றால் ‘அனுப்புவீங்களோ’. இந்த ‘குட்’டும் ‘வுட்’டும்தான் அவர்களுடைய ‘ங்கோ’. அது இருந்தால் ஆளைப் பெயர் சொல்லியே கூப்பிடலாம், ஒருவரும் கோபிக்கமாட்டார்கள். முதல் இரண்டு கிழமை நாக்குக் கூசும்.

சரி, வகுப்பு. ஏ எடுத்த பிள்ளைக்குத் திரும்ப முதலிலிருந்து டென்ஸ் படிப்பிக்கிற இடத்துக்குக் காசு கட்டவேண்டாம். பேச ஆள் கிடைக்கும் வகுப்பென்றால் போங்கள். அதைவிட நல்ல புத்தகம் உங்கள் இன்பொக்ஸ். லண்டன்காரர் உங்களுக்கு ‘இல்லை’ என்று எழுதிய மெயில்களைத் தேடி எடுத்து, எந்தச் சொல்லால் இல்லை என்றார்கள் என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். மீற்றிங்குக்கு முன்னரே ஒரு வசனம் தயார் செய்து, முதல் ஐந்து நிமிடத்துக்குள் சொல்லிவிடுங்கள். நேரம் போகப் போக வாய் இன்னும் இறுகும். பக்கத்து மேசையில் யாராவது ‘வெள்ளைக்காரி கதைக்கிறா’ என்று பகிடி பண்ணத்தான் செய்வார்கள். அவர்களுக்கும் அதே பயம்தான்.

அந்த வெள்ளிக்கிழமை மெயிலுக்கு இன்றைக்கே பதில் போடுங்கள். பூட்டனாரின் மலாயாக் கடிதம் ஏதும் பழைய பெட்டிக்குள் கிடந்தால் ஒரு படம் எடுத்து அனுப்புங்கோ, அந்தக் கையெழுத்தைப் பார்க்க ஆசையாக இருக்கிறது.