நீளம் குறையாமல் நுனிப்பிளவை எடுப்பது எப்படி?

கேள்வி: எனக்கு இடுப்புக்குக் கீழ் வரை முடி. நுனியில் ஒரு சாண் அளவுக்கு வெடித்துச் சொரசொரவென்று இருக்கிறது. பார்லருக்குப் போனால் நான்கு அங்குலம் வெட்டிவிடுகிறார்கள். அதனால் வீடியோ பார்த்து, முடியை முறுக்கி, வெளியே நீட்டிக்கொண்டிருந்த நுனிகளை வீட்டுக் கத்தரிக்கோலால் வெட்டினேன். ஒரே மாதத்தில் மறுபடியும் வெடிப்பு. வாரம் ஒருமுறை எண்ணெய் வைத்து, சீயக்காய்த்தூள் போட்டுக் குளிக்கிறேன். வீட்டில் போர் தண்ணீர்தான். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் கத்தரிக்கோலை மாற்றுங்கள். ஒரே மாதத்தில் வெடிப்பு திரும்பியதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணமாக இருக்கும். துணி, காகிதம், பால் பாக்கெட் எல்லாம் வெட்டிய கத்தரிக்கோலின் விளிம்பு மழுங்கிப் போயிருக்கும். அது முடியைச் சுத்தமாக அறுக்காது. மடித்து நசுக்கித்தான் துண்டாக்கும். நசுங்கிய இடத்திலிருந்தே அடுத்த பிளவு தொடங்கிவிடும்.

ஏன் என்று தெரிந்தால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும். ஒவ்வொரு முடிக்கும் வெளியே, ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த மெல்லிய செதில்கள் பல அடுக்குகளாக இருக்கின்றன. உள்ளே கெரட்டின் என்னும் புரதத்தால் ஆன நீண்ட இழைகள். செதில் தேய்ந்து உதிர்ந்ததும் உள்ளிருக்கும் இழைகளைக் கட்டிப்பிடிக்க ஒன்றுமில்லை. முறுக்கு அவிழ்ந்த கயிற்று நுனியைப் போலப் பிரிந்துகொள்ளும். முடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 செ.மீ. வளரும். அப்படியானால் 75 செ.மீ. நீள முடியின் நுனிக்கு ஆறு வயது. ஆறு வருடச் சீப்பும் துண்டும் வெயிலும் பட்ட இடம் அது. உயிரில்லாத பகுதி என்பதால் தானாக ஆறாது. முட்டையோ தயிரோ வடிகஞ்சியோ பிளந்ததை ஒட்டவைக்காது. சிலிக்கோன் கலந்த சீரம் இரண்டு பிரிவையும் சேர்த்துப் பூசி மறைக்கும். அடுத்த குளியலில் அது கழுவிப் போய்விடும். பயோட்டின் என்னும் வைட்டமின் மாத்திரையும் நுனிக்கு எதுவும் செய்யாது. பிளந்ததற்கு ஒரே தீர்வு வெட்டுவதுதான். எவ்வளவு வெட்டுவது என்பது மட்டுமே உங்கள் கையில் இருக்கிறது.

முடி வெட்டுவதற்கென்றே விற்கும் 5½ அல்லது 6 அங்குலக் கத்தரிக்கோல் ஒன்று வாங்கி, வேறெதற்கும் எடுக்காமல் தனியாக வையுங்கள். பல் வைத்த கத்தரி வேண்டாம். அது அடர்த்தியைக் குறைப்பதற்கானது. கூர்மையைச் சோதிக்க, நனைந்த டிஷ்யூ பேப்பரை வெட்டிப் பாருங்கள். இழுபடாமல், மடங்காமல் வெட்டினால் நல்லது.

செவ்வாய், வெள்ளியில் முடி வெட்டாத வீடு என்றால் வேறு நாளாகப் பாருங்கள். ஆனால் பகலில், ஜன்னல் வெளிச்சத்தில்தான் உட்கார வேண்டும். முடி முழுக்க உலர்ந்து, எண்ணெய் இல்லாமல், சிக்கு எடுத்து இருக்க வேண்டும். ஈர முடியில் பிளவுகள் ஒட்டிக்கொள்வதால் கண்ணில் படாது. மடியில் வெள்ளைத் துணி விரித்தால் கறுப்பு முடியின் ஒவ்வொரு நுனியும் தெளிவாகத் தெரியும்.

பென்சில் தடிமனுக்கு ஒரு கற்றை எடுத்து, ஆள்காட்டி விரல்மேல் வளைத்துப் பிடியுங்கள். நுனிகள் விசிறியாக விரியும். இரண்டாகப் பிரிந்தது, இறகைப் போலப் பல கிளை விட்டது, பக்கவாட்டில் முள் மாதிரி நீட்டியிருப்பது, நடுவில் வெள்ளைப் புள்ளி விழுந்தது, தானே முடிச்சு விழுந்தது ஆகியவற்றை மட்டும் வெட்டுங்கள். பிளவு தொடங்கும் இடத்திலிருந்து 1 செ.மீ. மேலே வெட்ட வேண்டும். கண்ணுக்குத் தெரிவதைவிட விரிசல் உள்ளே மேலேறியிருக்கும். கத்தரிக்கோல் முடிக்கு நேர் குறுக்காக இருக்கட்டும். சாய்த்து வெட்டினால் மெல்லிய ஓரம் வெளியே தெரிந்து சீக்கிரம் பிரியும். விரலால் பிளவைப் பிடித்துக் கிழிக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். அரை செ.மீ. பிளவு ஒரே இழுப்பில் ஐந்து செ.மீ. ஆகிவிடும்.

நீங்கள் செய்த முறுக்கு முறையில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. முறுக்கியதும் வெளியே நீட்டுவதெல்லாம் பிளந்த முடி இல்லை. புதிதாக வளர்ந்துவரும் குட்டை முடிகளும் அப்படித்தான் நீட்டும். அவற்றின் நுனி ஊசிபோல மெலிந்து முடியும். இதுவரை கத்தரி படாத, ஆரோக்கியமான நுனி அது. அதையும் சேர்த்து வெட்டினால் அடர்த்தியாக வரவேண்டிய முடியை நீங்களே நிறுத்துகிறீர்கள். முறுக்குவது பிளவைத் தேடிக் கண்டுபிடிப்பதற்கு மட்டும் இருக்கட்டும். ஒவ்வொன்றாகப் பார்த்தே வெட்டுங்கள். தலை முழுக்க ஒரே நாளில் முடிக்க வேண்டியதில்லை. கண் சோர்ந்தால் நிறுத்திவிட்டு மறுநாள் தொடருங்கள். பிறகு நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை போதும்.

நுனி முழுவதும் வெடித்திருந்தால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி மாளாது. கீழ் ஓரத்தையே நேராக வெட்டத்தான் வேண்டும். தனியாக வெட்டுவதென்றால் நடு வகிடெடுத்து, பிடரி வரை முடியை இரண்டாகப் பிரித்து, இரு தோள் வழியாகவும் முன்னால் கொண்டுவாருங்கள். இரண்டு பக்கமும் முடி கட்டும் பேண்ட் போடுங்கள்: கழுத்தருகே ஒன்று, நெஞ்சருகே ஒன்று, வெட்டும் இடத்துக்கு 3 செ.மீ. மேலே ஒன்று. இரு பக்கமும் ஒரே அளவா என்று டேப் வைத்துப் பார்த்து, 1 முதல் 1½ செ.மீ. மட்டும் வெட்டுங்கள். பின்னால் விட்டுப் பார்த்தால் ஓரம் நேர்க்கோடாக இருக்காது; நடுவில் இறங்கி வளைவாக இருக்கும். பிடரி முடி கழுத்தைச் சுற்றி முன்னால் வருவதால் அதில் குறைவாகவே வெட்டுப்படும். முழு முடியையும் ஒரே தோள் பக்கம் இழுத்து வெட்டினால் ஓரம் சாய்ந்துவிடும். நேர் ஓரம் வேண்டுமென்றால் இன்னொருவர்தான் வெட்ட வேண்டும். அப்போது தலையைக் குனியாமல் நேராக நில்லுங்கள். சுருட்டை முடியை உலர்ந்த நிலையிலேயே வெட்டுவது நல்லது, ஈரத்தில் வெட்டினால் காய்ந்ததும் நினைத்ததைவிடக் குட்டையாகிவிடும்.

ஒரு சாணையும் ஒரேயடியாக எடுக்க மனமில்லை என்றால் மூன்று மாதத்துக்கு 2 செ.மீ. என்று வையுங்கள். வருடத்துக்கு 8 செ.மீ. பழைய நுனி போகும், ஏறக்குறைய 12 செ.மீ. வளரும்; நீளம் 4 செ.மீ. கூடியே இருக்கும். ஆனால் பின்னால் விட்ட முடியின் கடைசிப் பகுதி, முதுகுத் துணி தெரியும் அளவுக்கு மெலிந்திருந்தால் பார்லரில் நான்கு அங்குலம் வெட்டியது தவறில்லை. அந்த நிலையில் காத்திருந்தால் வளர்கிற அளவுக்கு நுனி உடைந்தும் போகும்.

இனி வெடிக்காமல் இருக்க, குளிக்கும் நாளில்தான் அதிகக் கவனம் தேவை. முடி தண்ணீரில் ஊறி உப்பும், காயும்போது சுருங்கும். திரும்பத் திரும்ப இது நடக்கும்போது செதில்கள் கிளம்பிவிடுகின்றன. தேங்காய் எண்ணெய் முடிக்குள்ளேயே ஊறிப் புரத இழப்பைக் குறைக்கும். மினரல் ஆயில் கலந்த வாசனை எண்ணெய் பெரும்பாலும் மேலே பூச்சாகவே நிற்கும். உச்சந்தலைக்கு நல்லெண்ணெய் வைப்பது உங்கள் வழக்கமானால் வையுங்கள். கீழ்ப்பாதிக்கு மட்டும் 2 அல்லது 3 டீஸ்பூன் தேங்காய் எண்ணெய், குளிப்பதற்குக் குறைந்தது அரை மணி நேரம் முன்பு.

சீயக்காய் நல்லதுதான். தூளாகப் போட்டுத் தேய்ப்பதில்தான் கெடுதல்; அதன் சொரசொரப்பான துகள்கள் செதிலை உரசும். 2 டேபிள்ஸ்பூன் தூளை 2 டம்ளர் சுடுநீரில் இருபது நிமிடம் ஊறவைத்து, மெல்லிய துணியில் வடிகட்டி, அந்த நீரை உச்சந்தலையில் மட்டும் தேயுங்கள். நுனிக்கு வழிந்து வருவதே போதும். பிறகு கீழ்ப்பாதியில் 2 டேபிள்ஸ்பூன் கண்டிஷனர் பூசி, மூன்று நிமிடம் கழித்து அலசுங்கள். போர் தண்ணீரிலுள்ள கால்சியம் முடியில் படிந்து சொரசொரப்பாக்கும் என்பதால் கடைசி அலசலுக்கு மட்டும் 1 அல்லது 2 லிட்டர் ஆர்.ஓ. தண்ணீரோ மழைநீரோ வைத்துக்கொள்ளுங்கள். குளியல் சோப்பு தலைக்கு வேண்டவே வேண்டாம்.

ஈர முடியைத் துண்டால் சடசடவென்று தட்டி உலர்த்துவது பல வீடுகளில் உண்டு. ஈரத்தில் முடி மிகவும் பலவீனமாக இருக்கும். ஒவ்வொரு அடியும் நுனியில்தான் விழுகிறது. பழைய ஈரிழைத் துண்டால் பிடித்துப் பிடித்து ஒற்றி எடுங்கள். நுனி முடிச்சு போட்டுக்கொண்டு வேலை பார்ப்பதையும் விடுங்கள். சாம்பிராணி போடும்போது நுனியைத் தணலுக்கு அருகில் தொங்கவிடாதீர்கள். டிரையர் என்றால் 15 செ.மீ. தள்ளி, ஓரிடத்தில் நிறுத்தாமல். ஈர முடியில் ஸ்ட்ரெய்ட்டனர் வைத்தால் உள்ளிருக்கும் நீர் கொதித்து முடிக்குள்ளேயே குமிழி உண்டாகும். அந்த இடத்தில் உடையும்.

முக்கால்வாசி காய்ந்த பிறகு, அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து தொடங்கி மேலே ஏறுங்கள். சிக்குக்கு மேலே கையால் பிடித்துக்கொள்ள வேண்டும். விலை மலிந்த பிளாஸ்டிக் சீப்பின் பற்களுக்கிடையே விரலை ஓட்டிப் பாருங்கள். அச்சில் வார்த்ததால் விழுந்த கோடு கூராகத் தட்டுப்பட்டால் மாற்றிவிடுங்கள். சடைக்கு ரப்பர் பேண்ட் வேண்டாம், துணி பேண்ட் போதும். தினமும் ஒரே இடத்தில் கட்டாமல் சற்று மேலும் கீழுமாக மாற்றுங்கள். பின்னாமல் விடும் குஞ்சம் மூன்று விரல் அளவுக்கு மேல் வேண்டாம். வண்டியில் போகும்போது சடையைச் சட்டைக்குள்ளோ துப்பட்டாவுக்குள்ளோ விட்டுக்கொள்ளுங்கள்.

நுனியை விட்டு, வேர் அருகிலேயே வெள்ளைப் புள்ளி விழுந்து முடி உடைந்தாலோ, அசதியும் அதிக முடி உதிர்வும் சேர்ந்திருந்தாலோ, கத்தரிக்கோலை வைத்துவிட்டுத் தோல் மருத்துவரைப் பாருங்கள். தைராய்டும் இரும்புச்சத்தும் சரியாக இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.