முழங்கால் ஆறும் முன் கையெழுத்து வேண்டாம்

கேள்வி: ஏழு வாரங்களுக்கு முன் என் கணவர் மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தபோது, சாலைச் சந்திப்பில் எதிரே வந்த கார் திடீரெனத் திரும்பி அவர்மீது மோதியது. வலது முழங்கால் வீங்கிவிட்டது. எக்ஸ்ரே பார்த்துவிட்டு, ‘எலும்பு முறியவில்லை, ஓய்வு போதும்’ என்று அனுப்பிவிட்டார்கள். இப்போது வீக்கம் வடிந்திருக்கிறது. ஆனால் படியிறங்கும்போது பக்கவாட்டாகத் திரும்பி, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு கால்களையும் வைத்துத்தான் இறங்குகிறார். இரண்டு முறை கால் மடங்கி விழப்பார்த்தார். ஏணியில் ஏறி மின்சார வேலை செய்பவர், சொந்தத் தொழில். கார்க்காரரின் இன்சூரன்ஸ் நிறுவனம் ஒரு தொகையைச் சொல்லி, கையெழுத்துப் போட்டால் உடனே தருவதாகச் சொல்கிறது. ‘கிடைத்தவரை போதும், வாங்கிக்கொள்ளலாம்’ என்கிறார் கணவர். அவரும் சற்று வேகமாகத்தான் வந்தாராம். அந்தக் காலில் ஏற்கெனவே கொஞ்சம் வலி உண்டு. என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரி, அந்தத் தாளில் உங்கள் கணவர் இப்போது கையெழுத்துப் போட வேண்டாம். தொகை சிறியதா பெரியதா என்பதை வைத்து இதைச் சொல்லவில்லை. அவருடைய முழங்காலுக்குள் என்ன நடந்திருக்கிறது என்பதே இன்னும் யாருக்கும் தெரியாது. அது தெரியாமல் அதற்கு விலை சொல்ல அந்த நிறுவனத்தாலும் முடியாது, உங்களாலும் முடியாது.

படியிறங்குவதைப் பற்றி நீங்கள் எழுதியிருக்கும் வரிகளை நான் இரண்டு முறை படித்தேன். எக்ஸ்ரே எலும்பைக் காட்டும். ஜவ்வு கிழிந்திருந்தால் அதில் தெரியாது. முழங்காலைக் கட்டிப்பிடித்து வைத்திருப்பவை நான்கு பெரிய ஜவ்வுகள்: உள்ளே குறுக்காக இரண்டு, பக்கங்களில் இரண்டு. இவை போக, இரண்டு எலும்புகளுக்கும் நடுவே பிறை வடிவில் இரண்டு மெத்தைகள் இருக்கின்றன. மோட்டார் சைக்கிளில் உட்காரும்போது முழங்கால் மடங்கித்தான் இருக்கும். அந்த நிலையில் முழங்காலுக்குச் சற்றுக் கீழே முன்பக்கத்தில் அடி விழுந்தால் கீழ்க்கால் எலும்பு பின்னுக்குத் தள்ளப்பட்டு, பின்பக்கக் குறுக்கு ஜவ்வு கிழியலாம். இந்த வகைக் காயத்தில் சமதளத்தில் நடப்பது ஓரளவு சரியாகவே இருக்கும். படியிறங்கும்போதுதான் கால் காட்டிக்கொடுக்கும். படியிறங்குகையில் உடல் எடையைப்போல் மூன்று மடங்குக்கும் மேலான பாரம் முழங்காலில் இறங்குகிறது. உங்கள் கணவருக்கு இதுதான் என்று நான் சொல்லவில்லை. முன்பக்க ஜவ்வாகவும் இருக்கலாம், மெத்தை கிழிந்திருக்கலாம், எக்ஸ்ரேயில் சிக்காத மெல்லிய எலும்பு விரிசலாகவும் இருக்கலாம். கால் மடங்கி விழுகிறது என்றால் ‘ஓய்வு போதும்’ என்பது பதிலாகாது. எலும்பு மூட்டு மருத்துவர் ஒருவர் கையால் அசைத்துப் பார்க்க வேண்டும், எம்.ஆர்.ஐ. ஸ்கேன் தேவையா என்று அவரிடம் கேளுங்கள். இந்த வாரமே போய்விடுங்கள்.

இடையில் கெண்டைக்கால் வீங்கி, சூடாகி, வலித்தால் இரத்தக் குழாயில் இரத்தம் உறைந்திருக்கலாம், அன்றைக்கே காட்டுங்கள். மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

நஷ்ட ஈட்டுக்கு வருகிறேன். அவர்கள் நீட்டும் தாளில் ‘முழுமையான, இறுதியான தீர்வு’ என்ற பொருளில் ஒரு வாசகம் அநேகமாக இருக்கும். அதில் கையெழுத்துப் போட்டபின் கதவு பொதுவாக மூடிவிடும். ஆறு மாதம் கழித்து அறுவை சிகிச்சை வேண்டும் என்று மருத்துவர் சொன்னால், அந்தச் செலவு உங்களுடையது. ஜவ்வைப் புதிதாக அமைக்கும் அறுவை சிகிச்சைக்குப் பிறகு கடினமான வேலைக்குத் திரும்பப் பல மாதங்கள் ஆகும். மூட்டின் வழவழப்பான பரப்பு அடிபட்டிருந்தால், பத்து, இருபது ஆண்டுகள் கழித்து மூட்டுத் தேய்மானம் வரும் வாய்ப்பும் அதிகம். இவை எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் அந்த ஒரு தொகை. என் அண்ணன் இப்படித்தான் விபத்து நடந்த ஒரே மாதத்தில் கையெழுத்துப் போட்டார். மறு ஆண்டு நடந்த அறுவை சிகிச்சைக்கு அண்ணியின் நகைகளை விற்க வேண்டியிருந்தது. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

காயம் இதற்குமேல் தேறாது, இவ்வளவுதான் என்று மருத்துவர் சொல்லும் நிலைக்கு வந்தபிறகு தொகையைப் பேசுவதே சரி. ஆனால் அதற்காகச் சும்மா காத்திருக்கவும் கூடாது. வழக்குப் போடுவதற்கு அநேகமாக எல்லா நாட்டிலும் காலக்கெடு உண்டு. சில இடங்களில் அது ஆண்டுக்கணக்கு, சில இடங்களில் மாதக்கணக்கு. பேச்சுவார்த்தை நடக்கிறது என்பதாலேயே அந்தக் கெடு பொதுவாக நின்றுவிடாது. ஆகவே வழக்கறிஞரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘எங்களுக்குக் கடைசி நாள் எது?’ என்பதுதான். கட்டணத்தையும் அப்போதே எழுத்தில் வாங்கிவிடுங்கள். கிடைக்கும் தொகையில் பங்கு வாங்குவதற்குச் சில நாடுகளில் வழக்கறிஞர்களுக்குத் தடையே இருக்கிறது. கைச்செலவுக்கு மிகவும் நெருக்கடியாக இருந்தால், இறுதித் தீர்வுக்கு முன் இடைக்காலத் தொகை கேட்க வழியுண்டா என்றும் விசாரியுங்கள்.

வேகமாக வந்தார் என்பதை நினைத்து அவர் குன்றிப்போக வேண்டாம். பல நாடுகளில் இரு தரப்பிலும் தவறு இருந்தால் அவரவர் பங்குக்கு ஏற்பத் தொகை குறையும், அடியோடு போய்விடாது. சில இடங்களில் மட்டும் விதி கடுமையானது. ஆனால் யாருடைய தவறு எவ்வளவு என்று இன்சூரன்ஸ்காரரிடம் தொலைபேசியில் அவராகவே சொல்லிவிடக் கூடாது. அந்தப் பேச்சு பதிவாகலாம். வழக்கறிஞரைப் பார்க்கும்வரை, ‘சிகிச்சை தொடர்கிறது’ என்பதற்குமேல் ஒரு சொல்லும் வேண்டாம்.

பழைய வலி விஷயத்தில் மட்டும் எதையும் மறைக்காதீர்கள். பழைய மருத்துவக் குறிப்பு ஒன்று எங்கிருந்தாவது வெளியே வந்தால், அவர் சொல்லும் உண்மைகளும் பொய்யாகப் பார்க்கப்படும். ஏற்கெனவே பலவீனமாக இருந்த மூட்டை விபத்து மேலும் கெடுத்திருந்தால், அந்தக் கூடுதல் பாதிப்புக்குப் பொதுவாக நஷ்ட ஈடு கேட்க முடியும். முன்பு வலியோடும் ஏணி ஏறினார், இப்போது படிகூட இறங்க முடியவில்லை. இந்த வேறுபாட்டைத்தான் நீங்கள் நிரூபிக்க வேண்டும்.

அதை நிரூபிக்க உங்களைவிடப் பொருத்தமான சாட்சி கிடையாது, சகோதரி. எனக்கு எழுதிய கடிதத்தில் நீங்கள் செய்ததையே ஒரு நோட்டுப் புத்தகத்தில் தினமும் செய்யுங்கள். தேதி போட்டு இரண்டு வரி போதும்: எத்தனை படி இறங்கினார், எங்கே கால் மடங்கியது, இரவில் எத்தனை முறை எழுந்தார், எந்த வேலையை வேண்டாம் என்று திருப்பி அனுப்பினார். ‘வலி அதிகம்’ என்று எழுதுவதால் யாருக்கும் எதுவும் புரியாது. ‘துணிக்கொடிக்கு எட்ட முன்பு ஸ்டூலில் ஏறுவார், இன்று என்னை ஏறச் சொன்னார்’ என்று எழுதினால் புரியும்.

இன்னொன்று. முழங்கால் அடிபட்டால் தொடைத்தசை சீக்கிரம் மெலியும். முழங்கால் சில்லின் மேல்விளிம்பிலிருந்து 10 சென்டிமீட்டர் மேலே பேனாவால் ஒரு கோடு போட்டு, இரண்டு தொடைகளின் சுற்றளவையும் தையல் டேப்பால் அளந்து பாருங்கள். வலது தொடை இளைத்திருந்தால் மருத்துவரிடம் காட்டி, அவர் கையாலேயே அளந்து குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். கால் எத்தனை டிகிரி மடங்குகிறது, எத்தனை டிகிரி நீள்கிறது என்பதும் அந்தக் குறிப்பில் இருக்கட்டும். வலியை இல்லை என்று வாதாடலாம், எழுதிவைத்த அளவை அவ்வளவு எளிதாக மறுக்க முடியாது.

போலீஸ் அறிக்கை, முதல் நாள் மருத்துவக் குறிப்பு, மருந்து ரசீது, உடைந்த வண்டியின் படம், பார்த்தவர்களின் பெயர் ஆகியவற்றைச் சேர்த்துவையுங்கள். சம்பளச் சீட்டு இல்லாதவர் என்பதால் வங்கிக் கணக்கு, வரிக் கணக்கு, பழைய பில்கள், வாடிக்கையாளர்களின் கடிதம் ஆகியவைதான் அவர் வருமானத்துக்குச் சான்று. இழந்த நாட்களின் கூலியோடு, இனி ஏணி ஏற முடியுமா என்ற கேள்வியும் கணக்கில் சேர வேண்டும். மருத்துவர் பிசியோதெரபி செய்யச் சொன்னால், அதை நடுவில் நிறுத்தவிடாதீர்கள். நிறுத்தினால் கால் கெடும், ‘இவரே கவனிக்கவில்லை’ என்று எதிர்த்தரப்பு சொல்லவும் இடம் கிடைக்கும்.

‘கிடைத்தவரை போதும்’ என்று உங்கள் கணவர் சொல்வதை ஆசை என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. உழைத்துக்கொண்டிருந்த மனிதர் ஏழு வாரமாக வீட்டில் உட்கார்ந்திருக்கிறார், வீட்டுக்கு ஏதாவது கொண்டுவந்து கொடுக்க வேண்டும் என்ற தவிப்புதான் அது. அவரோடு வாதாட வேண்டாம். மருத்துவரைப் பார்க்கும்வரை அந்தத் தாளை உங்களிடம் கொடுத்துவைக்கச் சொல்லுங்கள். ஸ்கேன் எடுத்தால் முடிவு என்ன என்று எனக்கு எழுதுங்கள்.