கடைத்தெருவிலும் சீஷன்தான்: கேள்வி பதில்

பர்மாவில் ரங்கூன், பெகு, மோல்மேன், தட்டோன் பக்கத்துத் தமிழ் விசுவாசிகள் கேட்டவை இவை. ஞாயிறு ஆராதனையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. மற்ற ஆறு நாளைப் பற்றித்தான் கேட்டிருக்கிறார்கள், அது சரியான இடம்.

காலை 4 மணிக்குச் சந்தைக்குக் கிளம்பணும். ராத்திரி வந்தா கரண்ட் இருக்காது. ஜெபத்துக்கும் வேதத்துக்கும் நேரம் எங்கே ஐயா?

15 நிமிஷம் போதும் தம்பி. ஆனால் தினமும் அதே நேரம், அதே இடம். மாற்கு சுவிசேஷத்தில் தொடங்குங்கள், 16 அதிகாரம்தான். நாளுக்கு ஒரு சம்பவம் வாசித்துவிட்டு இரண்டு கேள்வி: இயேசு இங்கே யாரை எப்படி நடத்துகிறார்? இன்றைக்கு நான் செய்ய வேண்டியது இதில் என்ன? அந்தச் செயலை ஆள் பேரோடு சொல்லி ஜெபியுங்கள். "பக்கத்துக் கடை அக்காவை நேற்றுத் திட்டினேன், இன்று போய் மன்னிப்புக் கேட்பேன், தைரியம் தாரும்." "என்னை நல்லவனாக்கும்" என்ற ஜெபம் சந்தை வாசலிலேயே மறந்துபோகும்.

ஜனவரி 1 ஆதியாகமத்தில் தொடங்குகிறவர்களில் நிறையப் பேர் லேவியராகமத்தில் நின்றுவிடுகிறார்கள். முழு வேதத்தில் 1,189 அதிகாரம். வருஷத்துக்குள் முடிக்க நாளுக்கு மூன்று, ஞாயிறு ஐந்து வாசிக்க வேண்டும். அது பழக்கம் ஊறிய பிறகு. நாலு சுவிசேஷமும் சேர்ந்து 89 அதிகாரம். நாளுக்கு ஒன்று என்றால் மூன்றே மாதம். போனில் வாசிக்கிறவர்கள் அச்சுப் புத்தகம் ஒன்றும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சார்ஜ் போனாலும் வாசிப்பு நிற்காது.

பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. குடும்ப ஜெபத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள்.

அவர்கள் கையில் பர்மிய வேதாகமத்தைக் கொடுங்கள். அமெரிக்க மிஷனெரி அதோனிராம் ஜட்சன் 1813-ல் ரங்கூனில் வந்து இறங்கி, 1834-ல் முழு வேதத்தையும் பர்மிய மொழியில் முடித்தார். அந்தப் பழைய நடை கடினமாக இருந்தால், இன்றைய பேச்சுக்கு நெருக்கமான மொழிபெயர்ப்பை எடுங்கள். ஒரு வசனத்தை அப்பா தமிழில் வாசிக்கட்டும், அதே வசனத்தைப் பிள்ளை பர்மியத்தில் வாசிக்கட்டும். பத்து நிமிஷத்துக்கு மேல் இழுக்காதீர்கள். பிள்ளைகளைத் திட்டுவதற்குக் குடும்ப ஜெபத்தைப் பயன்படுத்தவே கூடாது. கண்ணை மூடிக்கொண்டு ஆண்டவரிடம் சொல்வது போல் மகனைக் குத்திக்காட்டினால், அவன் ஜெபத்தையே வெறுப்பான்.

மீன் கடை வைத்திருக்கிறேன். ஒரு வீசைக்கு 100 டிக்கல் எடை, ஆனால் எல்லாரும் 95 டிக்கல்தான் போடுகிறார்கள். நான் 100 போட்டால் எப்படிப் பிழைப்பது?

எடையைக் குறைக்காதீர்கள், விலையை வெளிப்படையாக ஏற்றுங்கள். விலை கூடுதல் என்றால் வாங்குகிறவர் போய்விடலாம், அது அவர் உரிமை. எடை குறைந்தால் அவருக்குத் தெரியாமலே அவர் பணம் உங்களிடம் வந்துவிடுகிறது. லேவியராகமம் 19:35-36 தராசையும் படிக்கல்லையும் நேராகவே பேசுகிறது. நீதிமொழிகள் 11:1 கள்ளத்தராசைக் கர்த்தருக்கு அருவருப்பு என்கிறது.

முதலில் உங்கள் தராசையே சோதியுங்கள், ஏமாற்ற நினைக்காதவர் தராசும் தப்பாக இருக்கலாம். காலி பாட்டிலைத் தட்டில் வைத்து எடையைக் குறித்துக்கொண்டு, சரியாக 1 லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். எடை 1 கிலோ கூடுதலாகக் காட்ட வேண்டும். வீசை என்பது சுமார் 1.63 கிலோ, அதனால் 61 டிக்கலுக்குக் கொஞ்சம் மேலே காட்ட வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை இதைச் செய்யுங்கள். மீன் கடையில் தவறு வருவது பெரும்பாலும் தட்டின் அடியில் ஒட்டிய செதிலாலும், முள் சுழியத்துக்குத் திரும்பாததாலும், வடியாத ஐஸ் தண்ணீராலும்தான். மீனை வடியவிட்டு, வாங்குகிறவர் பார்க்க முள் சுழியத்தில் நிற்பதைக் காட்டி நிறுங்கள்.

இதுவரை எடுத்ததற்கும் கணக்கு உண்டு. வீசைக்கு 5 டிக்கல் குறைத்திருந்தால், 20 வீசை விற்றதில் ஒரு வீசை மீன் பிறருடையது. நியாயப்பிரமாணம் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறது (லேவியராகமம் 6:5). வரி வசூலித்த சகேயு நாலத்தனை தருவதாக முன்வந்தான் (லூக்கா 19:8). தெரிந்த வாடிக்கையாளருக்குச் சொல்லிவிட்டே கூடுதலாகக் கொடுங்கள். ஆள் தெரியாவிட்டால்? வாங்கிக்கொள்ள உறவினன் இல்லாதபோது அந்தப் பொருள் கர்த்தருக்குச் சேரும் என்கிறது எண்ணாகமம் 5:8. அந்த வழியில், தொகையை மாதாமாதம் பிரித்து ஏழைகளுக்குக் கொடுங்கள். சபையில் எழுந்து சாட்சியாகச் சொல்ல வேண்டாம். அது காணிக்கை அல்ல, கடன்.

பௌத்த அண்டை வீட்டில் ஷின்பியூ (பிள்ளையைத் துறவியாக்கும் சடங்கு) விருந்து, இந்துச் சொந்தங்களிடமிருந்து பிரசாதம். சாப்பிடலாமா?

1 கொரிந்தியர் 10:25-28 படியுங்கள். விருந்துக்கு அழைத்தால் போகலாம், வைத்ததைச் சாப்பிடலாம். பிள்ளைக்குத் துறவாடை போடுகிற நாளில் அந்த வீட்டுச் சந்தோஷத்தில் பங்கு பெறுவது விருந்தாளியின் மரியாதை. வழிபாட்டில் மட்டும் சேராதீர்கள். "இது சாமிக்குப் படைத்தது" என்று சொல்லியே கொடுத்தால் பவுல் வேண்டாம் என்கிறார். இரண்டு கையையும் கூப்பி, "மன்னிச்சுக்கோங்க அத்தை, எங்க வழக்கத்துல இதை எடுக்கிறதில்ல, உங்க வீட்டுக் காப்பி குடுங்க, குடிக்கிறேன்" என்று சொல்லி அங்கேயே உட்காருங்கள். வாங்கி வந்து குப்பையில் போடுவதுதான் எல்லாவற்றிலும் மோசம். அதில் உண்மையும் இல்லை, அன்பும் இல்லை.

டூ-டி (இரண்டு இலக்க எண்) லாட்டரியில் சின்னத் தொகை போடுவது பாவமா? ஜெயித்தால் தசமபாகம் கொடுத்துவிடுவேன்.

விடுங்கள் தம்பி. தாய்லாந்துப் பங்குச்சந்தை எண்ணை நம்பி இங்கே அரிசிப் பணம் போகிறது. உங்களுக்கு வருவது இன்னொரு வீட்டில் தோற்ற பணம், அதில் தசமபாகம் கர்த்தருக்கு வேண்டாம். நிறுத்த நினைத்தால், சம்பளம் வந்த அன்றே மனைவி கையில் கொடுத்துவிட்டு, எண் எழுதுகிறவர் உட்காரும் டீக்கடையை மாற்றுங்கள்.

அப்பா வீட்டுப் பங்கில் அண்ணனோடு பேச்சு இல்லை. இரண்டு பேரும் ஒரே சபையில் திருவிருந்து எடுக்கிறோம்.

மத்தேயு 5:23-24-ல் குறை உங்கள் அண்ணனுக்கு உங்கள்மேல். 18:15-ல் குறை உங்களுக்கு அவர்மேல். இரண்டிலும் போகச் சொல்வது உங்களைத்தான். தனியாக, நேரில் போங்கள். வைபரில் எழுதினால் அது அண்ணி, மச்சான் என்று நாலு கை மாறும். "நான் தப்பா ஏதாவது பேசியிருந்தா" என்று தொடங்காதீர்கள். பேசிய வார்த்தையையே சொல்லி மன்னிப்புக் கேளுங்கள். அன்றைக்கு வீட்டுப் பேச்சை எடுக்கவே வேண்டாம், எடுத்தால் மன்னிப்புக் கேட்டது பேரத்துக்கு முன்பணம் ஆகிவிடும். பங்கை வேறொரு நாளில், இருவரும் நம்புகிற இரண்டு சாட்சிகளை வைத்து எழுத்தில் முடியுங்கள். அவர் கதவைச் சாத்தினால் ரோமர் 12:18 போதும்: உங்களால் ஆனமட்டும் எல்லாரோடும் சமாதானமாக இருங்கள். அவர் வரவில்லை என்பதற்காக வருஷக்கணக்கில் திருவிருந்தை விட்டுவிடாதீர்கள். தன்னைச் சோதித்து, பிறகு புசிக்கச் சொல்கிறது 1 கொரிந்தியர் 11:28.

கணவர் குடித்துவிட்டு அடிக்கிறார். "சிலுவையைச் சுமந்துகொள்" என்கிறார்கள். இதுதான் கிறிஸ்துவைப் பின்பற்றுவதா?

இல்லை, தங்கச்சி. லூக்கா 9:23 சொல்லும் சிலுவை, அவரைப் பின்பற்றுவதால் வருவது. குடிகாரனின் கை அல்ல. நாசரேத்தார் மலையிலிருந்து தள்ளப் பார்த்தபோது இயேசு விலகிப் போனார் (லூக்கா 4:29-30). கொலை செய்யக் காத்திருந்தபோது பவுலைக் கூடையில் வைத்துத் தமஸ்கு மதில் வழியே இறக்கிவிட்டார்கள் (அப்போஸ்தலர் 9:25). தப்பிப் போவது அவிசுவாசம் அல்ல. மனைவி கீழ்ப்படிய வேண்டும் என்று எபேசியர் 5:22-ஐக் காட்டுகிறவர்களிடம், கணவன் மனைவியை நேசிக்க வேண்டும் என்கிற 25-ம், 28-ம் வசனத்தையும் வாசிக்கச் சொல்லுங்கள்.

இன்றே செய்ய வேண்டியது: உங்களுடைய, பிள்ளைகளுடைய அடையாள அட்டை, குடும்பப் பட்டியல், கொஞ்சம் பணம், மருந்து, எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு நம்பிக்கையான வீட்டில் வையுங்கள். அவர் குடித்து வரும் நாளில் பேசித் தீர்க்க முயலாதீர்கள், பிள்ளைகளோடு அங்கே போங்கள். காயம் இருந்தால் மருத்துவரிடம் காட்டி, சீட்டை வாங்கி வையுங்கள். மன்னிப்பது வேறு, அதே அறைக்குத் திரும்புவது வேறு. அவர் குடியை விட்டு நெடுநாள் நிலைத்து நிற்பதை மற்றவர்களும் கண்டு சொன்ன பிறகுதான் திரும்புவதைப் பற்றி யோசிக்க வேண்டும். உங்கள் போதகர் இதைக் கேட்க மறுத்தால், போதகரின் மனைவியிடமோ மூத்த சகோதரி ஒருவரிடமோ இந்த வாரமே சொல்லுங்கள்.