மடி வீக்கம் திரும்ப வருகிறதே, ஆட்டை விற்றுவிடலாமா?

கேள்வி: வீட்டுப் பாலுக்காக ஒரு தலைச்சேரி கலப்பின ஆடு வளர்க்கிறோம். குட்டி போட்டு மூன்று வாரம் ஆகிறது. ஒரு பக்க மடி சூடாகி இறுகி, பால் திரிதிரியாக வருகிறது. மருந்துக் கடையில் தந்த, காம்புக்குள் ஏற்றும் மருந்து டியூப்பை இரண்டு காம்புக்கும் பாதிப் பாதியாக ஏற்றினோம். இரண்டு நாளில் குறைந்து, மறுபடியும் வந்துவிட்டது. பாலைக் காய்ச்சிக் குடிக்கலாமா? தரகர், "மடி போய்விட்டது, வந்த விலைக்குக் கொடுத்துவிடுங்கள்" என்கிறார். - வாசகர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: விற்காதீர்கள். மடி இன்னும் போய்விடவில்லை. மருந்து பாதி அளவே போனதால் நோய் திரும்பியிருக்கலாம்.

ஒரு டியூப் என்பது ஒரு காம்புக்கு ஒரு வேளை மருந்து. நோயுள்ள காம்பில் நுழைந்த முனையை மறு காம்பில் வைத்தால், கிருமியை நாமே அங்கே கொண்டுபோய் விடுகிறோம். ஆட்டுக்குச் சின்ன மடிதானே, பாதி போதும் என்று கடைக்காரர் சொல்லியிருப்பார். பல கடைகளில் இதையேதான் சொல்கிறார்கள். மருத்துவர் சீட்டில்லாமல் இந்த மருந்துகளை விற்கவே கூடாது என்பது சட்டம், கேட்பார்தான் இல்லை.

இனி எந்த மருந்தும் ஏற்றும் முன்பு பால் மாதிரி எடுங்கள். காம்பு நுனியை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, முதல் பீச்சல்களைத் தனிப் பாத்திரத்தில் விட்டுவிட்டு, அடுத்ததைச் சுத்தமான மூடிப் புட்டியில் பிடித்து, ஐஸ் வைத்து கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். மாவட்டத்தில் உள்ள கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவில் எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்று பார்த்துச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். அலைய விடுவார்கள், விடாமல் கேளுங்கள். சோப்புக் கரைசலில் பாலைக் கலக்கி, கெட்டியானதும் "அடுத்த மடியும் போச்சு" என்று பயமுறுத்துகிறவர்களை மட்டும் நம்பாதீர்கள். அது மாட்டுப் பாலுக்கான சோதனை. நல்ல ஆட்டுப் பாலே அதில் கொஞ்சம் கெட்டியாகும்.

முடிவு வரும்வரை நோயுள்ள பக்கத்தைச் சில மணி நேரத்துக்கு ஒரு முறை முழுவதும் கறந்து குழியில் கொட்டுங்கள். கொட்டில் தரையில் பீச்சாதீர்கள். நல்ல மடியை முதலில் கறக்க வேண்டும். குட்டியை நோயுள்ள காம்பில் விடக்கூடாது. கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு அரைத்துப் பூசுவது வீக்கத்துக்கு உதவும், ஆனால் மருந்துக்கு மாற்றாகாது.

பாலைக் குடிக்க வேண்டாம். காய்ச்சினால் கிருமி சாகும். அது விட்டுச்சென்ற நச்சும் மருந்தின் எச்சமும் போகாது. மருந்து உடம்பில் பரவும் என்பதால் மறுபக்கத்துப் பாலுக்கும் இதுவே விதி. எத்தனை நாள் கொட்டுவது என்று டியூப் அட்டையில் இருப்பது மாட்டுக் கணக்கு. ஏழையின் பசு என்று மேடைதோறும் ஆட்டைப் புகழ்கிறவர்கள், அந்த ஏழைக்காக அட்டையில் ஒரு வரி அச்சிட வைக்கவில்லை. ஆட்டுக்கு எத்தனை நாள் என்பதை மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள்.

ஒரே ஒரு நிலையில் இந்தப் பொறுமை எதுவும் கூடாது. சூடாக இருந்த மடி சில்லிட்டுப் போனால், வீக்கம் வடிகிறது என்று மகிழாதீர்கள். மடியின் தோல் நீலம் பாய்ந்து கறுக்கும். பாலுக்குப் பதில் ரத்தம் கலந்த நீர் வரும். ஆடு தீனி எடுக்காமல் பின்னங்காலை இழுக்கும். மடியின் சதை அழுகுகிறது என்று பொருள். அப்போது காய்ச்சல்கூட இறங்கியிருக்கலாம், தெர்மாமீட்டரைப் பார்த்து ஏமாறாதீர்கள். இரவானாலும் மருத்துவரைத் தேடுங்கள், கால்நடை அவசர உதவி எண்ணான 1962-ஐயும் அழையுங்கள். விடியட்டும் என்று காத்திருந்தால் மடி மட்டுமல்ல, ஆடே போய்விடும்.

தரகர் சொல்வது அவருடைய லாபத்துக்கு. உங்களிடம் கறி விலைக்கு வாங்கி, சந்தையில் பால் ஆடு என்று இன்னொரு வீட்டின் தலையில் கட்டுவார். முழு மருந்துக்குப் பிறகும் அந்தப் பக்கம் கல்லாகவே இருந்தால், மருத்துவர் சொல்படி அதை வற்றவிட்டு மறுபக்கத்தைக் கறக்கலாம். ஒரு மடியிலேயே வீட்டுக்குப் போதுமான பால் தரும் ஆடுகள் உண்டு. அடுத்த சினையில் பால் வற்றும் சமயம் இரு காம்புக்கும் என்ன மருந்து ஏற்றுவது என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.