வெள்ளைத் தோல் பேரன், கிடைக்காத வாடகை வீடு, 18சி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

நான் 1987இல் மெல்பேர்ணுக்கு வந்தவள். 22 வருடம் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்தேன். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இனம், வம்சாவளி, பாகுபாடு பற்றியவை. அதனால் சமையல், கணக்குக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு இவற்றுக்கு மட்டும் எழுதுகிறேன்.

கேள்வி: என் மருமகனின் தாய் ஒரு பூர்வகுடிப் பெண். பேரனுக்கு 6 வயது. நல்ல வெள்ளை, கண்ணும் பச்சை கலந்தது. பள்ளிக்கூடப் படிவத்தில் பூர்வகுடியா என்று கேட்ட இடத்தில் மகள் "ஆம்" என்று போட்டாள். போன மாதம் ஒரு பிறந்தநாள் வீட்டில் எங்கள் சொந்தக்காரர் ஒருவர், "வெள்ளைக்காரப் பிள்ளை மாதிரி இருக்கிறான், சலுகைக்காகத்தானே இப்படிப் போடுகிறீர்கள்?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். எனக்கு வாயடைத்துப் போய்விட்டது. மகள் செய்தது சரியா? பேரன் தமிழன் இல்லாமல் போய்விடுவானா?
- ஒரு அம்மம்மா, மெல்பேர்ண்

பதில்: அக்கா, உங்கள் மகள் செய்தது முழுக்கச் சரி. அந்தப் படிவம் தோலின் நிறத்தைக் கேட்கவில்லை. பூர்வகுடி அல்லது டொரஸ் நீரிணைத் தீவு வழிவந்தவரா என்று கேட்கிறது. அப்பாவைப் பெற்றவள் பூர்வகுடி என்றால் பிள்ளை அந்த வழி வந்தவன்தான். "இல்லை" என்று போட்டிருந்தால்தான் அது பொய்.

ஒருவரைப் பூர்வகுடி என்று ஏற்பதற்கு இங்கே மூன்று விஷயங்களைப் பார்க்கிறார்கள்: வம்சாவளி, தானே தன்னை அப்படிச் சொல்வது, அந்தச் சமூகம் அவரைத் தன் ஆளாக ஏற்பது. நிறம் அதில் இல்லை. நிறத்தைப் பார்த்துக் கணக்குப் போட்ட காலம் ஒன்று இருந்தது. அது என்ன செய்தது என்பதை உங்கள் சொந்தக்காரர் தெரிந்துகொள்ள வேண்டும்.

மெல்பேர்ணுக்கு அருகில் உள்ள ஹீல்ஸ்வில் பக்கம் போயிருப்பீர்கள். அங்கே கொரண்டெர்க் என்ற இடத்தில் 1863இல் பூர்வகுடி மக்களுக்கு ஒரு குடியிருப்பு அமைந்தது. காடு வெட்டி, வீடு கட்டி, பியருக்குப் போடும் ஹொப்ஸ் பயிரிட்டு, அதற்குப் பரிசும் வாங்கினார்கள். 1886இல் விக்டோரியா அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. கலப்பு இரத்தம் உள்ளவர்கள், 34 வயதுக்குக் குறைந்தவர்கள் என்றால், இப்படிப்பட்ட குடியிருப்புகளை விட்டு வெளியேற வேண்டும். உழைக்கிற வயதுப் பிள்ளைகள் வெளியே, கிழவர்களும் கிழவிகளும் உள்ளே. தாய் பூர்வகுடி, மகன் பூர்வகுடி இல்லை என்று கடதாசியில் எழுதிவிட்டால் வேலை முடிந்தது. அப்புறம் 20ஆம் நூற்றாண்டில் பல பத்தாண்டுகளாகப் பிள்ளைகளையே தூக்கிக்கொண்டு போனார்கள். வெளிர் நிறப் பிள்ளைகள்தான் முதல் குறி. வெள்ளைச் சமூகத்துக்குள் கரைந்துபோவார்கள் என்று கணக்கு. அதைப் பற்றிய பெரிய விசாரணை அறிக்கை 1997இல் வந்தது. 2008 பெப்ரவரி 13இல் பிரதமர் கெவின் ரட் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். அன்று வேலைக்கு நடுவில் நானும் தொலைக்காட்சி முன்னால் நின்று அழுதேன்.

ஆகவே உங்கள் பேரன் வெள்ளையாக இருப்பது அவன் குடும்பத்துக்கு நடந்ததின் ஒரு தடயமாகவும் இருக்கலாம். அதையே காட்டி "நீ அவர்களில் ஒருவன் இல்லை" என்று சொல்வது எவ்வளவு பெரிய கொடுமை!

என்னோடு வேலை செய்த ஒரு பூர்வகுடிப் பெண்ணுக்குச் செம்பட்டை முடி, முகமெல்லாம் புள்ளி. புதிதாக வந்த ஒருவர் சாப்பாட்டு அறையில் அவளிடம், "நீ எத்தனை வீதம்?" என்று கேட்டார். அவள் கோபப்படவில்லை. தன் கோப்பையில் பாலை விட்டாள். கலக்கினாள். இன்னும் கொஞ்சம் விட்டாள். "இது என்ன?" என்று கேட்டாள். "தேநீர்," என்றார் அவர். "எவ்வளவு பால் விட்டாலும் தேநீர்தான் என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள்," என்று சொல்லிவிட்டுக் குடித்தாள். கரண்டி கோப்பையில் தட்டிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

"சலுகைக்காக" என்ற அதே பேச்சு நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது. 2009இல் ஹெரால்ட் சன் பத்திரிகையின் பத்தி எழுத்தாளர் அன்ட்ரூ போல்ட், வெள்ளைத் தோல் உள்ள சிலர் லாபத்துக்காகப் பூர்வகுடி அடையாளத்தைத் தெரிந்தெடுத்தார்கள் என்ற தொனியில் எழுதினார். பற் ஈட்டொக் என்ற பூர்வகுடிப் பெண்ணும் இன்னும் எட்டுப் பேரும் வழக்குப் போட்டார்கள். 2011 செப்டெம்பரில் நீதிபதி புரொம்பேர்க் தீர்ப்புச் சொன்னார்: இவர்கள் சின்ன வயதிலிருந்தே அப்படி வளர்ந்தவர்கள், புதிதாக ஒன்றைத் தெரிந்தெடுத்தவர்கள் அல்ல. கட்டுரைகள் இனப்பாகுபாட்டுச் சட்டத்தின் 18சி பிரிவை மீறின. அந்த ஒன்பது பேரும் பணம் கேட்கவில்லை என்பதையும் உங்கள் சொந்தக்காரருக்குச் சொல்லுங்கள்.

கடைசியாகக் கேட்டீர்களே, தமிழன் இல்லாமல் போய்விடுவானா என்று. எப்படிப் போவான்? உங்கள் மடியில் படுத்துத் தமிழ் கேட்கிற பிள்ளை. இரண்டும் அவனுடையவை. சம்பந்தி அம்மாவிடம் போய், அவர் எந்த மக்கள், எந்த மண், எந்த மொழி என்று கேளுங்கள். நாங்கள் ஊர் பெயர் சொல்லி உறவு தேடுகிற மாதிரியே அவர்களும் செய்வார்கள். மூத்தவர்களை "ஆன்ரி", "அங்கிள்" என்று மரியாதையாகக் கூப்பிடுவார்கள், இரத்த உறவு இல்லாவிட்டாலும். அடுத்த பிறந்தநாள் வீட்டுக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

கேள்வி: எழுத்துக்காகக் கொலையே நடந்த இலங்கையிலிருந்து ஓடிவந்தவர்கள் நாங்கள். பேச்சைத் தண்டிக்கிற 18சி பிரிவை நீங்கள் எப்படி ஆதரிக்கலாம்? மனம் புண்படுவது சட்டத்தின் வேலையா?
- ஒரு மாணவன், சிட்னி

பதில்: தம்பி, இது நல்ல கேள்வி. நானும் இதோடு மல்லுக்கட்டியிருக்கிறேன்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். இனப்பாகுபாட்டுச் சட்டம் 1975இல் வந்தது. 18சி அதில் 1995இல் சேர்ந்தது. இனம், நிறம், தேசிய அல்லது இனத்துவப் பூர்வீகம் காரணமாக ஒருவரைப் பொதுவெளியில் புண்படுத்துவது, அவமதிப்பது, சிறுமைப்படுத்துவது, அச்சுறுத்துவது சட்டவிரோதம். ஆனால் குற்றம் அல்ல. பொலிஸ் வராது, சிறை கிடையாது. முறைப்பாடு மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்குப் போகும். அங்கே பெரும்பாலும் இரண்டு தரப்பையும் பேசவைத்துத் தீர்க்கப் பார்ப்பார்கள். அடுத்த வரியிலேயே 18டி இருக்கிறது. கலை, ஆய்வு, பொதுநலன் சார்ந்த விவாதம், செய்தி, நியாயமான விமர்சனம் எல்லாவற்றுக்கும், நல்லெண்ணத்தோடும் நியாயமாகவும் செய்திருந்தால், அது பாதுகாப்புத் தருகிறது.

போல்ட் தோற்றது அந்த விஷயத்தைத் தொட்டதற்காக அல்ல. பூர்வகுடி அடையாளம் பற்றி எழுதவே கூடாது என்று நீதிபதி சொல்லவில்லை. தகவல்கள் பிழை, உண்மை திரிக்கப்பட்டிருந்தது, மொழி எரியூட்டுவதாக இருந்தது. அதனால்தான் 18டி அவருக்குக் கைகொடுக்கவில்லை. சாதாரண மனத்தாங்கலை நீதிமன்றங்கள் கணக்கில் எடுப்பதும் இல்லை. ஆழமான, கனமான பாதிப்பாக இருக்க வேண்டும் என்று 2001இலேயே ஒரு வழக்கில் நீதிபதி கீஃபெல் சொல்லிவிட்டார்.

உங்கள் பக்கத்தில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். குயின்ஸ்லாந்தில் ஒரு பல்கலைக்கழக மாணவர்கள் 2013இல் ஃபேஸ்புக்கில் எழுதிய சில வரிகளுக்காக வழக்கில் மாட்டி, 2016 கடைசியில்தான் வழக்குத் தள்ளுபடி ஆனது. உங்கள் வயதுப் பிள்ளைகளுக்கு அது நீண்ட காலம். 2017இல் முறைப்பாடுகளைக் கையாளும் விதத்தைத் திருத்தினார்கள். அது தேவையான திருத்தம்.

ஆனால் பிரிவின் சொற்களையே வெட்ட இரண்டு தடவை முயன்றார்கள். 2014இல் சட்டமா அதிபர் ஜோர்ஜ் பிராண்டிஸ், மக்களுக்கு இனவெறியர்களாக இருக்க உரிமை உண்டு என்ற பொருள்பட செனட்டில் பேசினார். பூர்வகுடியினர், யூதர், அரேபியர், ஆர்மேனியர், சீனர், இந்தியர் என்று ஒருவரோடொருவர் அதிகம் சேராத சமூகங்களெல்லாம் சேர்ந்து எதிர்த்தன. அரசாங்கம் பின்வாங்கியது. 2017இல் மறுபடியும் கொண்டுவந்தார்கள், செனட் தோற்கடித்தது.

தம்பி, நாங்கள் ஓடிவந்த நாட்டில் முதலில் வந்தது துப்பாக்கியா, பேச்சா? 1983க்கு முன்னால் எங்களைப் பற்றி மேடையிலும் பத்திரிகையிலும் என்ன பேசினார்கள் என்று உங்கள் அப்பாவிடம் கேளுங்கள். எழுதினவனைக் கொன்ற அரசும், எழுதினது பிழை என்று பத்திரிகையில் ஒரு திருத்தம் போடச் சொன்ன நீதிமன்றமும் ஒரே தராசில் நிற்கக்கூடியவை அல்ல.

கேள்வி: குடிசனக் கணக்கெடுப்பில் வம்சாவளி என்ற இடத்தில் "இலங்கையர்" என்று எழுதுவதா, "தமிழ்" என்று எழுதுவதா?
- பெயர் வேண்டாம், பிரிஸ்பேன்

பதில்: ஒன்றுக்கு மேற்பட்ட வம்சாவளியை எழுதலாம். நான் முதலில் "தமிழ்" என்று எழுதுகிறேன். எங்களை இன்னொருவர் எழுதி வைத்த காலத்தை மறக்க முடியவில்லை. 1948இல் இலங்கையில் மலையகத் தமிழரிடம் அப்பா எங்கே பிறந்தார், பாட்டன் எங்கே பிறந்தார் என்று கடதாசி கேட்டார்கள். கடதாசி இல்லாத இலட்சக்கணக்கானோர் நாடற்றவர் ஆனார்கள்.

கேள்வி: வாடகை வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தால் பெயரைக் கேட்கிறார்கள். சொன்னதும் "வீடு போய்விட்டது" என்கிறார்கள். ஆங்கிலப் பெயர் உள்ள என் சிநேகிதி எடுத்தால் பார்க்க வரச் சொல்கிறார்கள். முறைப்பாடு செய்யலாமா? என்னிடம் ஆதாரம் இல்லையே.
- ஒரு தாதி, சிட்னி

பதில்: தங்கச்சி, ஆதாரம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. நீங்கள் எடுத்த நேரம், சிநேகிதி எடுத்த நேரம், இரண்டு பேருக்கும் கிடைத்த பதில். இன்றைக்கே எழுதிவையுங்கள். சிநேகிதியையும் எழுதச் சொல்லுங்கள். விளம்பரம் இன்னும் இணையத்தில் இருந்தால் திகதி தெரியும்படி படம் எடுங்கள்.

எனக்கு 1988இல் நடந்தது இது. தொலைபேசியில் நாலு மணிக்கு வரச் சொன்னார்கள். நான் வேலைக்குப் போகிற நல்ல சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போனேன். மேசையில் திறப்பு இருந்தது, நான் பார்க்கப் போன வீட்டின் இலக்கம் எழுதிய மட்டை அதில் தொங்கியது. அந்த ஆள் என்னை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார். திறப்பை மெல்ல இழுத்து லாச்சிக்குள் போட்டார். "மன்னிக்கவும், மத்தியானமே கொடுத்தாயிற்று." அடுத்த சனிக்கிழமைப் பேப்பரில் அதே வீடு. நான் முறைப்பாடு செய்யவில்லை. பயம். விசாவில் கை வைப்பார்களோ என்ற பைத்தியக்காரப் பயம். அதற்காக இன்றைக்கும் வருந்துகிறேன்.

இனப்பாகுபாட்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு வீட்டை நேரடியாகவே சொல்கிறது. இனம் காரணமாக மறுக்க முடியாது. 18ஆம் பிரிவு இன்னும் உதவியானது: மறுத்ததற்கு நாலு காரணம் இருந்து, அதில் இனம் ஒன்றாக இருந்தாலே போதும். அது பிரதான காரணமாக இருக்கத் தேவையில்லை. நிரூபிக்கிற பாரம் உங்களுடையதுதான், அதை மறைக்க மாட்டேன். ஆனால் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு எழுத வக்கீல் தேவையில்லை, கட்டணம் இல்லை, தமிழிலேயே எழுதலாம். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்துக்கும் 1977இலிருந்து தனிச் சட்டம் இருக்கிறது. இரண்டில் ஒன்றைத் தெரிந்தெடுங்கள், தாமதிக்க வேண்டாம்.

கேள்வி: என்னை மறுத்தது வெள்ளைக்காரர் இல்லை, தமிழர். அவர் வீட்டில் ஒரு அறை வாடகைக்கு இருந்தது. "ஊரில் எந்தப் பக்கம்? எந்தக் கோயிலடி?" என்று கேட்டார். சொன்னேன். பிறகு அறை இல்லை என்றார். இதுவும் இனப்பாகுபாடா?
- ஒரு மாணவி, மெல்பேர்ண்

பதில்: பிள்ளை, அவர் என்ன கேட்டார் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சாதி கேட்டார்.

சட்டத்தில் சாதி என்ற சொல் இல்லை. 9ஆம் பிரிவில் "வம்சாவளி" என்ற சொல் இருக்கிறது. அது சாதியையும் உள்ளடக்கும் என்று இனப்பாகுபாட்டுக்கு எதிரான ஐ.நா. குழு 2002இல் சொல்லியிருக்கிறது. ஆனால் 18சியில் அந்தச் சொல்லைச் சேர்க்கவில்லை. வீட்டைப் பற்றிய 12ஆம் பிரிவிலும் இல்லை. மேலும் வீட்டுக்காரர் அதே வீட்டில் குடியிருந்து வீட்டைப் பகிர்ந்தால் 12ஆம் பிரிவு பொருந்தாது. அதனால் உங்கள் விஷயத்தில் சட்டத்தின் கை எட்டுவது கஷ்டம். இதைச் சொல்ல எனக்கு மனம் நோகிறது. அமெரிக்காவின் சியாட்டில் நகரம் 2023இல் சாதி என்ற சொல்லையே தன் சட்டத்தில் எழுதியது. இங்கேயும் எழுத வேண்டும். தமிழர் நாங்கள் முன்னால் நின்று கேட்க வேண்டும்.

உங்கள் கடிதத்தைப் படித்தபிறகு இந்த இதழின் கடைசிப் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். வாடகை விளம்பரங்களில் இரண்டு, இன்ன ஊரவர் விரும்பத்தக்கது என்று முடிந்தன. ஆசிரியருக்குத் தொலைபேசி எடுத்து வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அடுத்த இதழிலிருந்து அந்த வரியோடு எந்த விளம்பரமும் வராது என்று சொல்லியிருக்கிறார்.