வேலைக்குப் போனார், வந்தார்

வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: என் அப்பா போன வருஷம் கார்த்திகையில், 89 வயதில் தவறிப்போனார். பெரம்பூர் ஐ.சி.எஃப். (இன்டெக்ரல் கோச் ஃபாக்டரி) ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வெல்டர். 1956-ல் சேர்ந்து 1993-ல் ரிடையர் ஆனார். தலைத்திவசத்துக்கு அவரைப் பற்றி ஒரு சின்ன நினைவு மலர் அச்சடித்து உறவுக்காரர்களுக்குக் கொடுக்கலாம் என்கிறான் அண்ணன். எழுதும் பொறுப்பு என்னுடையது. உட்கார்ந்தால் நாலு வரிக்கு மேல் ஓடவில்லை. அவர் எங்களோடு பேசியதே கம்மி. ஓவர்டைம் முடிந்து வந்தால் சாப்பாடு, படுக்கை. நான் பத்தாவதில் பரிசு வாங்கிய அன்றைக்கும் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. அம்மாவுக்கு 83 வயது. கேட்டால், "என்னத்தச் சொல்றது, வேலைக்குப் போனாரு, வந்தாரு" என்கிறார். எதை எழுதுவது?
- வில்லிவாக்கம் வாசகி

பதில்: சகோதரி, அம்மா சொன்னதையே முதல் வரியாக வைத்துக்கொள்ளுங்கள். 37 வருஷம் போனார், வந்தார். அதில்தான் உங்கள் ஃபீஸ், அண்ணனின் ஃபீஸ், கல்யாணங்கள், அம்மாவின் மருந்துச் செலவு எல்லாம் நடந்திருக்கிறது. "பாசத்தின் சிகரம், பண்பின் திருவுருவம்" என்று அச்சகத்தில் தயாராக வைத்திருக்கும் வரிகளை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அவை எல்லோருடைய அப்பாவுக்கும் பொருந்தும், உங்கள் அப்பாவை அதில் தேடினால் கிடைக்கமாட்டார்.

அம்மாவிடம் "அப்பா எப்படிப்பட்டவர்?" என்று கேட்காதீர்கள். அதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. அவர் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து சின்னச் சின்னதாகக் கேளுங்கள். காலை ஷிஃப்டுக்கு எத்தனை மணிக்கு அடுப்பு பற்றவைத்தீர்கள், டிபன் கேரியரில் என்ன போகும், மிச்சம் வைத்துக்கொண்டு வருவாரா, சம்பளக் கவரை யார் கையில் கொடுப்பார், அன்றைக்கு வரும்போது என்ன வாங்கி வருவார், ரயில்வே பாஸில் முதன்முதலில் எந்த ஊருக்குப் போனீர்கள் என்று. ஒரு கேள்வியில் நின்றுபோனால் விட்டுவிடுங்கள், மறுநாள் அவராகவே ஆரம்பிப்பார்.

அப்புறம், அந்த வேலையையும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். ஐ.சி.எஃப்.பை நேரு திறந்துவைத்தது 1955 அக்டோபர் 2. உங்கள் அப்பா உள்ளே போனது அடுத்த வருஷம், சுவிட்சர்லாந்து கம்பெனி ஒன்றின் தொழில்நுட்ப உதவியோடு வேலை தொடங்கியிருந்த நேரம். அதற்கு முன்னால் இரும்புச் சட்டத்தின் மேல் மரத்தால் கட்டிய பெட்டிகள் நிறைய ஓடின, விபத்து நடந்தால் சிதறிப்போகும். அடிச்சட்டம், பக்கச் சுவர், கூரை எல்லாவற்றையும் எஃகில் செய்து ஒன்றோடொன்று பற்றவைத்து ஒரே கூடாக்கியதுதான் இங்கே நடந்த பெரிய மாற்றம். 'இன்டெக்ரல்' என்ற பெயரே அதைத்தான் சொல்கிறது. அந்த மாதிரிப் பெட்டிகளை 2018 ஜனவரி வரை அங்கே செய்தார்கள். ராத்திரி ரயிலில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு நிம்மதியாகத் தூங்கிப்போன எத்தனையோ பேர் உங்கள் அப்பாவின் வெல்டிங்கை நம்பித்தான் போயிருக்கிறார்கள். இதை அவசியம் எழுதுங்கள்.

இன்னொன்றும் அம்மாவிடம் கேளுங்கள். வெல்டிங் வெளிச்சம் கண்ணில் பட்டுவிட்டால் அப்போது ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்துத்தான் கண்ணில் மணலை அள்ளிப் போட்ட மாதிரி எரிந்து நீர் கொட்டும், விளக்கைப் பார்க்க முடியாது. பட்டறைச் சத்தத்தில் வருஷக்கணக்கில் நின்றவர்களுக்குக் காதும் மந்தமாகும். அப்பா கண்ணில் ஈரத்துணி போட்டுக்கொண்டு படுத்திருந்த நாட்கள் உண்டா? நீங்கள் சொன்னதைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு மறுபடி கேட்டாரா? அவர் பேசாமல் இருந்ததில் ஒரு பங்காவது இதனால் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

எங்கள் அப்பா சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு அச்சகத்தில் கம்பாசிட்டர், ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கோக்கிற வேலை. வீட்டுக்கு வந்ததும் சோப்பு போட்டு முழங்கை வரை கழுவாமல் எங்களைத் தொடமாட்டார், கிட்டே ஓடினால் அதட்டுவார். ஈயம் எங்கள் மேல் படக்கூடாது என்பதற்காக என்று அவர் இறந்த பிறகு, அவரோடு வேலை பார்த்த ஒருவர் சொல்லித்தான் தெரியும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்தில் 13 எழுத்துகளின் வடிவம் மாறியபோது, இத்தனை வருஷம் பழகிய கை பழைய அறைக்கே போகிறது என்று மதியச் சாப்பாட்டு நேரத்திலும் கேஸ் (எழுத்துகளை அறை அறையாகப் போட்டுவைக்கும் தட்டு) முன்னால் நின்று பழகினாராம். ஒரு வார்த்தை வீட்டில் சொன்னதில்லை. அதனால்தான் சொல்கிறேன், அப்பாவோடு வேலை பார்த்தவர்கள் அயனாவரத்திலோ கொளத்தூரிலோ ஒருத்தராவது இருப்பார்கள். தள்ளிப்போடாமல் போய்ப் பாருங்கள், அவர்களுக்கும் வயது தொண்ணூறை நெருங்குகிறது.

பரிசு வாங்கிய அன்று அவர் வராததையும் எழுதலாம். நீங்கள் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றதை உள்ளபடியே எழுதுங்கள், அன்றைக்கு எந்த ஷிஃப்ட் என்று தெரிந்தால் அதையும். அவரை மன்னித்ததாகவோ புரிந்துகொண்டதாகவோ கட்டாயத்துக்கு ஒரு வரி சேர்க்க வேண்டாம்.

ஒரு நடைமுறை விஷயம். அம்மாவுக்கு இப்போது குடும்ப ஓய்வூதியம் வருகிறது அல்லவா, 80 வயது முடிந்தவர்களுக்கு அதில் 20 சதவீதம் கூடுதலாக வரவேண்டும், 85 முடிந்தால் 30. பி.பி.ஓ.வில் (ஓய்வூதிய ஆணையில்) அம்மாவின் பிறந்த தேதி சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று வங்கியில் கேட்டுவிடுங்கள். 80 தாண்டியவர்கள் உயிர்வாழ் சான்றிதழை அக்டோபரிலேயே கொடுக்கலாம், நவம்பர் மழையில் அவரை அலைக்கழிக்க வேண்டாம். அப்பா வேலைக்குப் போய் வந்ததில் வந்த பணம் அது, ஒரு ரூபாய் குறையக்கூடாது.

கேள்வி: அப்பாவின் சைக்கிள் மாடிப்படிக்குக் கீழே 11 வருஷமாக நிற்கிறது. வீட்டில் இடமில்லை. பழைய இரும்புக்குப் போட மனசு வரவில்லை. என்ன செய்யலாம்?
- தாம்பரம் வாசகர்

பதில்: இரும்புக்குப் போடாதீர்கள். டயர், டியூப் மாற்றி, செயினுக்கு எண்ணெய் விட்டு, தெருவில் பேப்பர் போடுகிறவரோ கட்டட வேலைக்குப் போகிறவரோ தேவைப்படுகிற ஒருவருக்குக் கொடுங்கள். பெல்லை மட்டும் கழற்றி நீங்கள் வைத்துக்கொண்டு, அவருக்குப் புதுசாக ஒன்று வாங்கி மாட்டிவிடுங்கள்.