நஞ்சுக்கொடி வலுவிழந்தால் சிசுவின் ரத்தம் என்ன ஆகும்? கேள்வி பதில்

கேள்வி: 32 வாரம். நஞ்சுக்கொடியில் ரத்த ஓட்டம் குறைவு என்று டாப்ளர் ஸ்கேனில் வந்திருக்கிறது. குழந்தையின் ரத்தம் உறைந்துவிடுமா டாக்டர்?

பதில்: பயம் புரிகிறதும்மா. ஆனால் நாங்கள் அதிகம் கவனிப்பது உறைவதை அல்ல, உறையாமல் கசிவதை. ரத்தத்தை உறைய வைக்கும் காரணிகளும், உறையாமல் தடுக்கும் புரதங்களும் தராசின் இரண்டு தட்டுகள். நிறைமாதக் குழந்தைக்கே இரண்டும் பெரியவர்களைவிடக் குறைவு; வைட்டமின் கே தேவைப்படும் காரணிகள் ஏறக்குறைய பாதிதான். இரண்டு தட்டிலும் எடை குறைவு என்பதால் தராசு சாயாமல் நிற்கிறது.

நஞ்சுக்கொடி தளர்ந்தால் ஆக்ஸிஜன் குறையும். கிடைப்பதை மூளைக்கும் இதயத்துக்கும் முதலில் அனுப்பிவிடுகிறது சிசு, கெட்டிக்காரப் பிள்ளை! கல்லீரலுக்குப் போவது குறைகிறது. உறைதல் காரணிகள் தயாராவது அங்கேதான். எலும்பு மஜ்ஜையோ ஆக்ஸிஜன் பற்றாக்குறையைச் சமாளிக்கச் சிவப்பணுக்களையே உருவாக்கிக்கொண்டிருக்கும். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் (பிளேட்லெட்) உற்பத்தி பின்தங்கும். மறுபக்கம், சிவப்பணு மிகுந்து ரத்தம் கெட்டியானால் ஓட்டம் மந்தமாகும், கட்டி உண்டாகவும் வாய்ப்புண்டு. இரண்டு ஆபத்தும் ஒரே குழந்தையிடம் இருக்கலாம் என்பதுதான் எங்களுக்குத் தலைவலி.

கேள்வி: தங்கைக்கு எடை குறைந்த குழந்தை பிறந்தது. தட்டணு 80,000. தொற்றாக இருக்குமோ?

பதில்: இருக்கலாம், அதைப் பார்த்தே ஆக வேண்டும். ஆனால் எடை குறைவுக்கு நஞ்சுக்கொடிக் கோளாறு காரணமாக இருந்தால், அதில் பெரும்பாலும் தட்டணு அழிவதில்லை, உற்பத்திதான் குறைவு. இயல்பான அளவு 1,50,000-க்கு மேல். பிறந்து நான்காம் நாள் வாக்கில் இன்னும் இறங்கி, பத்து நாளுக்குள் தானாக ஏறிவிடுவது வழக்கம். 50,000-க்குக் கீழே போனால் மட்டும் நஞ்சுக்கொடிமேல் பழிபோட்டுவிட்டு உட்கார மாட்டோம். தொற்று, குழந்தையின் தட்டணுவைத் தாக்கும் தாயின் எதிர்ப்புரதம் என்று வேறு காரணம் தேடுவோம்.

கேள்வி: எனக்கு ரத்தம் உறையாமலிருக்க ஹெபாரின் ஊசி போடுகிறார்கள். குழந்தையின் ரத்தமும் நீர்த்துப்போகுமா?

பதில்: போகாது. ஹெபாரின் பெரிய மூலக்கூறு, நஞ்சுக்கொடியைக் கடக்காது. அதே வேலையைச் செய்யும் வார்ஃபரின் மாத்திரை கடக்கும்.

கேள்வி: அப்படியானால் இப்போதே நான் வைட்டமின் கே மாத்திரை சாப்பிட்டால் குழந்தைக்குப் போய்ச் சேருமா?

பதில்: மிகக் கொஞ்சமே சேரும். அதனால்தான் பிறந்ததும் குழந்தைக்கே ஊசி போடுகிறோம்: வழக்கமாக 1 மில்லிகிராம், மிகச் சிறிய குழந்தைக்கு அதைவிடக் குறைவு. 'பிஞ்சு உடம்புக்கு ஊசி எதற்கு' என்று யார் சொன்னாலும் தவிர்க்காதீர்கள்.

கேள்வி: பிரசவத்துக்குப் பின் நஞ்சுக்கொடியைப் பரிசோதித்ததில், 'சிசுவின் பக்க ரத்தக்குழாய்களில் ரத்தக்கட்டி' என்று எழுதியிருக்கிறார்கள். மகன் நன்றாகத்தான் பால் குடிக்கிறான்.

பதில்: அந்தக் குழாய்களில் ஓடியது உங்கள் ரத்தம் அல்ல, மகனுடையது. ஆனால் அங்கே கட்டி இருந்ததாலேயே அவன் மூளையிலும் இருக்கும் என்று அர்த்தமில்லை. அறிக்கையைக் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். தலை ஸ்கேன் வேண்டுமா என்று அவர் முடிவு செய்வார். பிறகு அதைப் பத்திரமாக வைத்திருங்கள். அடுத்த கர்ப்பத்தில் மகப்பேறு மருத்துவர் முதலில் கேட்பது அந்தக் காகிதமாகத்தான் இருக்கும்.